மான்லி–பால்சர் எஞ்சின்: ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை பற்றிய மதிப்புரை

நாளிதழில் வந்த செய்தியை நாம் ஐயுறுவதுண்டு. மேடையிலே கேட்ட சொல்லையும் வீட்டுக்கு வந்தபின் எடைபோட்டுப் பார்ப்பதுண்டு. ஆனால், கலைக்களஞ்சியத்தில் அச்சேறிய ஒன்றை ஐயுறுவார் மிகச் சிலரே. எழுதியவர் யாரெனக் கேளாமலே அதனை ஏற்றுக்கொள்கிறோம். பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்கிறோம். பரீட்சைக்கு விடையாகவும் எழுதுகிறோம். இத்துணை நம்பிக்கைக்கு உரியதாய் இருப்பதனாலேயே களஞ்சியக் கட்டுரையை இடையிடையே ஒரு வழக்கைப் போல விசாரித்துப் பார்த்தல் வேண்டும். இன்று அவ்வாறு விசாரிக்க நான் எடுத்துக்கொண்டது, ஆகாய விமானத்துக்கென ஆதியிலே செய்யப்பட்ட எஞ்சின் ஒன்றைப் பற்றிய சிறு கட்டுரை.

எஞ்சினின் பெயர் மான்லி–பால்சர். கட்டுரை கூறுவன சில வரிகளே. விமானத்துக்கென்றே வகுக்கப்பட்ட முதல் எஞ்சின் இது, 1901ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே செய்யப்பட்டது, சாமுவேல் லாங்லி என்னும் விஞ்ஞானியின் பறக்கும் பொறிக்காக ஸ்டீபன் பால்சர் தொடங்கியதைச் சார்ள்ஸ் மான்லி திருத்தி முடித்தார், சிலிண்டர்கள் ஐந்து, வலு 52 குதிரைவலு, விமானமோ பறக்கவில்லை. இவ்வளவுதான். இவற்றுள் அப்பட்டமான பொய் என்று தள்ளத்தக்கது எதுவுமில்லை. எனினும், ‘முதல்’ என்னும் சொல்லும், ‘திருத்தி’ என்னும் சொல்லும், எஞ்சினின் பாரத்தைக் காட்டும் ஓர் எண்ணும் என்னை மேலே போகவிடாது நிறுத்திவிட்டன. அவற்றை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் கதையை அடியிலிருந்து பார்த்தல் நன்று.

லாங்லி வானநூல் வல்லவர். 1887ஆம் ஆண்டு முதல் வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் நிலையத்தின் செயலாளராக இருந்தவர். அந்நிலையத்திலே செயலாளர் என்பவரே தலைவர். சூரியனின் வெப்பத்தை அளப்பதிலே புகழ்பெற்ற அவர், நடுவயதைக் கடந்தபின் பறக்கும் பொறியிலே நாட்டம் கொண்டார். 1896ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி, பொட்டோமாக் ஆற்றில் நிறுத்திய படகுவீட்டின் மேலிருந்து அவர் ஏவிய மாதிரிப் பொறி, ஆளில்லாது, நீராவியின் வலுவினாலே மூவாயிரம் அடிக்கு மேல் பறந்து சென்று மெல்ல நீரில் இறங்கியது. தொலைபேசியைக் கண்டறிந்த அலெக்சாந்தர் கிரகாம் பெல் அக்காட்சியைக் கண்டதோடு புகைப்படமும் எடுத்தார். அத்தோடு லாங்லி ஓய்ந்திருக்கலாம். இரண்டு ஆண்டுகளின் பின் ஸ்பெயினுடன் போர் மூண்டது. ஆளேற்றிச் செல்லும் பொறியொன்றைச் செய்து தருமாறு அமெரிக்கப் போர்த் திணைக்களம் அவருக்கு 50,000 டொலர் ஒதுக்கியது.

மாதிரிப் பொறிக்குப் போதுமாயிருந்த நீராவி ஆளேற்றும் பொறிக்குப் போதாது. கொதிகலமும், அதற்கு வேண்டிய நீரும், எரிபொருளும் சேர்ந்த பாரத்தைச் சிறகுகள் நெடுநேரம் தாங்கமாட்டா. பெற்றோல் எஞ்சின் ஒன்றே வழி. அக்காலத்து மோட்டார் வண்டிகளின் எஞ்சின்களோ வீதிக்கு ஏற்றவை. வானத்துக்கு ஏலாத பாரமுடையவை. ஒஸ்திரியாவில் வில்லெம் கிறெஸ் என்பவர் 1901ஆம் ஆண்டு ஏரி நீரிலிருந்து விமானம் கிளப்ப முயன்றபோது, அவருக்குக் கிடைத்த எஞ்சின் எதிர்பார்த்ததிலும் மிகப் பாரமாய் அமைந்து அவருடைய முயற்சியைக் கெடுத்தது. எனவே, லாங்லியின் உண்மையான தேவை ஒரு விமானமன்று, ஓர் எஞ்சின் என்றே சொல்லிவிடலாம். அவரும் அவ்வாறே எண்ணினார். அந்த எண்ணத்தில் இருந்த குறையைப் பின்னர் காண்போம்.

இந்த இடத்திலேதான் ஸ்டீபன் பால்சர் வருகிறார். நியூ யோர்க் நகரிலே தொழிற்சாலை வைத்திருந்த அவர் 1894ஆம் ஆண்டிலேயே தம் கையால் மோட்டார் வண்டி ஒன்றைச் செய்து முடித்தவர். அவ்வண்டியின் எஞ்சின் விநோதமானது. வழக்கமான எஞ்சினிலே சிலிண்டர்கள் அசையாது நிற்க, நடுத்தண்டு சுழலும். பால்சரின் எஞ்சினிலோ தண்டு அசையாது நிற்க, வண்டிச் சில்லின் ஆரக்கால்கள் போல் அமைந்த சிலிண்டர்கள் யாவும் அதனைச் சுற்றிச் சுழலும். இதனால் இரு நன்மைகள் உண்டு. சுழலும் சிலிண்டர்களைக் காற்றே குளிர்விக்கும். குளிர்விக்க நீர் சுமக்க வேண்டியதில்லை. சிலிண்டர்களின் சுழற்சியே எஞ்சினின் துடிப்பைச் சமப்படுத்திவிடும்; அதற்கெனப் பாரமான சில்லு ஒன்றைத் தனியே பூட்ட வேண்டியதுமில்லை. பாரத்தைக் குறைக்கத் தவித்துக்கொண்டிருந்த லாங்லிக்கு இது தேடிய மருந்தாகத் தோன்றியதில் வியப்பில்லை.

1898ஆம் ஆண்டு டிசம்பரில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. எஞ்சின் 12 குதிரைவலு தரவேண்டும். பாரம் 100 இறாத்தலுக்கு மேற்படலாகாது. விலை 1,500 டொலர். காலம் சில வாரங்கள். இப்படியோர் எஞ்சின் உலகில் எங்கும் அன்று இருக்கவில்லை. இல்லாத பொருளுக்கு விலையும் தவணையும் குறித்துக் கையொப்பமிட்ட பால்சரின் துணிவை மெச்சுவதா, பேதைமை என இரங்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. வாரங்கள் மாதங்களாயின, மாதங்கள் ஆண்டுகளாயின. ஐந்து சிலிண்டர்களோடு அவர் செய்த சுழல் எஞ்சின் எட்டுக் குதிரைவலுவுக்கு மேல் ஏற மறுத்தது. ஒப்பந்தப் பணம் கரைந்தபின் பால்சர் தம் கைப்பணத்தையும் அதிலே போட்டார். நொடிந்துபோகும் நிலைக்கு வந்தார்.

லாங்லியிடம் உதவியாளராய் இருந்தவர் சார்ள்ஸ் மான்லி. கோர்ணெல் பல்கலைக்கழகத்திலே பொறியியல் கற்று, 1898ஆம் ஆண்டில் இருபத்திரண்டு வயது இளைஞராக அங்கு வந்து சேர்ந்தவர். 1900ஆம் ஆண்டுக் கோடையில் இவரும் லாங்லியும் ஐரோப்பா சென்று பேர்பெற்ற எஞ்சின் வினைஞர்களைத் தேடி அலைந்தனர். இத்துணை இலேசான எஞ்சினைச் செய்து தருகிறோம் என்று ஒருவரும் முன்வரவில்லை. மான்லி திரும்பி வந்தார். பால்சரின் தொழிற்சாலையிலே கிடந்த அதே எஞ்சினை எடுத்தார். சுழன்ற சிலிண்டர்களைச் சுழலாது நிறுத்தி, நின்ற தண்டைச் சுழலவிட்டார். எட்டிலே முடங்கிக் கிடந்த எஞ்சின் வேண்டிய பன்னிரண்டை எட்டியது. அதனைத் தாண்டவும் செய்தது.

அதன்பின் மான்லி வாஷிங்டனிலே செய்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்லாமல் இருக்க முடியாது. களஞ்சியக் கட்டுரை ‘திருத்தி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்ட வேலை இது. சிலிண்டர் ஒவ்வொன்றும் ஐந்து அங்குல விட்டமும் ஐந்தரை அங்குல வீச்சும் உடையதாயிற்று. அதன் வெளிச்சுவர் மெல்லிய உருக்கு. உருக்கிலே ஆடுதண்டு உராய்ந்தால் விரைவிற் கெடும் ஆதலால், உள்ளே அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு தடிப்புள்ள வார்ப்பிரும்பு உறை ஒன்றைப் பொருத்தினார். வெளியே, காகிதம் போன்ற உருக்குத் தகட்டினாலே நீருறை அமைத்துப் பித்தளையால் ஒட்டினார். இந்த ஒட்டு வேலையைச் செம்மையாக முடித்தல் எவ்வளவு கடினம் என்பதைக் கொல்லர் பட்டறையில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். சூடு சற்று மிகுந்தால் தகடு நெளியும். சற்றுக் குறைந்தால் ஒட்டாது. ஐந்து சிலிண்டர்களின் தண்டுகளும் நடுவிலுள்ள ஒரே கிராங்கிலே கூடுதல் வேண்டும். ஒன்றைத் தலைமைத் தண்டாக வைத்து மற்ற நான்கும் அதன்மேல் தழுவி நடக்குமாறு செய்தார். காபுரேற்றரோ ஒரு வேடிக்கை. துளைகள் நிறைந்த மரத்துண்டுகளை ஒரு கலத்தில் இட்டு நிரப்பி, அவற்றிலே பெற்றோலை ஊறவிட்டு, அவற்றினூடே காற்றை இழுத்துக் கலவை செய்தனர். பார்த்தால் வைத்தியர் வீட்டுத் தைலப்பானை என்று தோன்றும். ஆனால், அது ஒழுங்காக வேலை செய்தது.

பயன் என்ன? நிமிடத்துக்கு 950 சுற்றில் 52.4 குதிரைவலு! ஒரு முறை நொடிப்பொழுது காட்டி நின்றுவிடவுமில்லை; பத்து மணி நேரம் வீதம் மூன்று முறை ஓடவிட்டுச் சோதித்தனர். பன்னிரண்டு கேட்டவர் லாங்லி. கிடைத்ததோ அதன் நான்கு மடங்குக்கு மேல். ஆகவே, மான்லியின் பெயர் அவ்வெஞ்சினில் முதலாவதாக நிற்பதற்கு நியாயம் உண்டு. பால்சருக்கு நியாயம் கேட்கப் புறப்பட்ட சிலர் மான்லியைச் சிறுமைப்படுத்துவதும் நேர்மையாகாது. அதேவேளை, ஐந்து சிலிண்டர்களை ஒரு வட்டத்தில் நிறுத்தி, ஒரே கிராங்கோடு இணைக்கும் அடிப்படை யோசனை மான்லியினுடையதன்று. அது நியூ யோர்க் தொழிற்சாலையிலிருந்து வந்தது. வரைபடமே இல்லாத வெறும் நிலத்தில் மான்லி கட்டத் தொடங்கவில்லை. அத்திவாரம் போட்டவன் கடனாளியாகி வெளியேறிய வீட்டிலே அவர் சுவரெழுப்பினார்.

இனிப் பாரத்தைக் காட்டும் எண்ணுக்கு வருவோம். கட்டுரை எஞ்சினின் பாரம் 135 இறாத்தல் என்கிறது. அதை 52 ஆல் வகுத்து, குதிரைவலு ஒன்றுக்கு இரண்டரை இறாத்தலளவே எனப் புகழ்கிறது. கணக்குச் சரி. ஆனால், நீர் இன்றியும், குளிர்விக்கும் கலம் இன்றியும், பற்றறி இன்றியும் அவ்வெஞ்சின் ஒரு சுற்றும் சுற்றாது. அவற்றையெல்லாம் கூட்டினால் பாரம் 207 இறாத்தலைத் தாண்டும். குதிரைவலு ஒன்றுக்கு ஏறத்தாழ நான்கு இறாத்தல் ஆகும். அதுவும் அக்காலத்துக்கு அற்புதமான எண்தான். அற்புதத்தை மேலும் மெருகிட வேண்டிய தேவை என்ன? ஒப்பிடுவோருக்கு ஓர் எஞ்சினை வெறுமையாகவும் மற்றோர் எஞ்சினைச் சகல உறுப்புகளோடும் நிறுத்துக் காட்டுதல், அரிசியை உமியோடு நிறுத்து நெல்லை உமியின்றி நிறுத்தது போலாகும்.

‘விமானத்துக்கென்றே வகுக்கப்பட்ட முதல் எஞ்சின்’ என்பது இதனினும் பெரிய குறை. இங்கிலாந்தில் ஜோன் ஸ்ரிங்பெலோ பறக்கும் பொறிக்கெனச் செய்த சிறு நீராவி எஞ்சின் 1868ஆம் ஆண்டிலே இலண்டன் பளிங்கு மாளிகைக் கண்காட்சியில் 100 பவுண் பரிசு பெற்றது. பிரான்சிலே கிளமான் அடர் 1890ஆம் ஆண்டு தம் விமானத்தைத் தரையிலிருந்து சிறிது எழச் செய்தது தாமே வகுத்த நீராவி எஞ்சினாலாகும். 1894ஆம் ஆண்டு ஹிராம் மாக்சிம் தம் பிரமாண்டமான பொறியிலே பூட்டியவையும் அதற்கெனவே செய்த நீராவி எஞ்சின்களே. லாங்லியின் 1896ஆம் ஆண்டு மாதிரியிலிருந்த எஞ்சினும் அத்தகையதே. தம் கதாநாயகனின் முந்திய எஞ்சினையே கட்டுரையாசிரியர் மறந்துவிட்டார் போலும்! ‘ஆளேற்றும் விமானத்துக்கென வகுக்கப்பட்ட பெற்றோல் எஞ்சின்களுள் மிக முற்பட்ட ஒன்று’ என்று எழுதியிருந்தால் ஒருவரும் மறுக்க இடமிராது. களஞ்சியங்களுக்கு ‘முதல்’ என்னும் சொல்லில் உள்ள மோகம் பெரிது.

விமானம் பறக்காத கதை பலரும் அறிந்தது. 1903ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆந் திகதி மான்லியே ஓட்டியாக அமர, படகுவீட்டின் மேலிருந்து ஏவப்பட்ட 48 அடி அகலமுள்ள பொறி நேரே ஆற்றில் விழுந்தது. மனிதன் பறக்கப் பத்து இலட்சம் ஆண்டு முதல் ஒரு கோடி ஆண்டு வரை செல்லும் என்று நியூ யோர்க் ரைம்ஸ் எள்ளி நகையாடியது. டிசம்பர் 8ஆந் திகதி மீண்டும் முயன்றனர். இம்முறை பொறி வானிலேயே முறிந்து கவிழ்ந்தது. மான்லி உறைகுளிர் நீரில் உடைந்த சட்டங்களுக்கிடையே அகப்பட்டு அரிதின் உயிர் தப்பினார். ஏவு கருவியிலே சிக்கிக்கொண்டது என்றார் லாங்லி. சிறகின் சட்டமே வலுவற்றது என்றனர் வேறு சிலர். எஞ்சின்மீது மட்டும் ஒருவரும் குற்றம் சொல்லவில்லை.

ஒன்பது நாள் கழிந்தது. டிசம்பர் 17ஆந் திகதி வட கரோலினாவின் மணற்கரையிலே ரைட் சகோதரர் பறந்தனர். அன்றைய நான்கு பறப்புகளுள் நெடியது 59 விநாடியில் 852 அடி சென்றது. அவர்களுடைய எஞ்சினைப் பாருங்கள். டேற்றன் நகரச் சைக்கிள் கடையிலே அவர்களுக்கு வேலை செய்த சார்ள்ஸ் ரெயிலர் ஏறத்தாழ ஆறு வாரத்திற் செய்தது, நான்கு சிலிண்டர், 12 குதிரைவலு, பாரம் ஏறத்தாழ 180 இறாத்தல். குதிரைவலு ஒன்றுக்குப் பதினைந்து இறாத்தல்! மான்லியின் எஞ்சினுக்கு அருகே வைத்தால் அது நாட்டுச் செக்கு. ஆயினும், ரைட் சகோதரர் எஞ்சினைத் தேடுமுன் 1900 முதல் மூன்று ஆண்டுகள் எஞ்சினில்லாச் சறுக்கு விமானங்களிலே தாமே ஏறிச் சமநிலையைக் கற்றவர்கள். 1901ஆம் ஆண்டில் காற்றுக் குடைவு அமைத்துச் சிறகின் வடிவங்களை அளந்தவர்கள். தம் சிறகுக்கு எவ்வளவு வலு போதும் என்று முன்னரே கணக்கிட்டு, அதற்கு ஒரு சிறிது கூடுதலாக மட்டும் எஞ்சினிடம் கேட்டனர். லாங்லியோ ஐம்பது குதிரைகளைப் பூட்டிவிட்டு, கடிவாளத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார். களஞ்சியக் கட்டுரை ‘விமானமோ பறக்கவில்லை’ என்று முடிக்கும் இடத்திலே இந்த ஒரு காரணத்தைச் சேர்த்திருக்கலாம். இரண்டு வரி போதும்.

லாங்லி 1906ஆம் ஆண்டில் மனமுடைந்து காலமானார். அவருடைய முயற்சிகளை விவரிக்கும் பெருநூலை ஸ்மித்சோனியன் நிலையம் 1911ஆம் ஆண்டு வெளியிட்டது. ஆளேற்றும் பொறியையும் எஞ்சினையும் பற்றிய பகுதியை எழுதியவர் மான்லி. பிற்காலத்தார் எல்லோரும் எடுத்தாண்டது அந்நூலையே. அதிலே நியூ யோர்க் வினைஞர் ஒப்பந்தத்தை நிறைவேற்ற மாட்டாத ஒருவராகவே தோற்றமளிக்கிறார். மான்லி பொய் சொன்னார் என்று சொல்ல நான் துணியேன். இராப்பகலாக உழைத்து, இருமுறை உயிரையும் பணயம் வைத்த ஒருவர், தம் உழைப்பைப் பெரிதாகவும் பிறர் உழைப்பைச் சிறிதாகவும் காண்பது இயல்பு. ஆனால், ஒரு கட்சிக்காரர் தந்த வாக்குமூலமே அறுபது ஆண்டுகள் தீர்ப்பாக நின்றுவிட்டது. எஞ்சின் மான்லி எஞ்சினாயிற்று. சில இடங்களில் லாங்லி எஞ்சினும் ஆயிற்று.

இதே காலத்திலே அந்நிலையம் இன்னொரு பெரிய தவறையும் செய்தது. ரைட் சகோதரரோடு உரிமை வழக்கிலே பொருதுகொண்டிருந்த கிளென் கேட்டிஸ், லாங்லியின் பழைய பொறியை 1914ஆம் ஆண்டிலே எடுத்துப் பல மாற்றங்கள் செய்து, மிதவைகள் பூட்டி, மான்லியின் அதே எஞ்சினோடு ஏரியின் மேல் சிறிது தூரம் எழச் செய்தார். அதைச் சான்றாகக் கொண்டு, ஆளேற்றிப் பறக்கவல்ல முதல் விமானம் லாங்லியினதே என நிலையம் அறிவித்தது. செய்த மாற்றங்களை வெளிப்படையாகச் சொல்லவில்லை. மனம் புண்பட்ட ஓவில் ரைட், 1903ஆம் ஆண்டு விமானத்தை 1928ஆம் ஆண்டில் இலண்டனுக்கு அனுப்பிவிட்டார். 1942ஆம் ஆண்டிலே நிலையம் மாற்றங்களின் நீண்ட பட்டியலை வெளியிட்டுத் தன் கூற்றை மீட்டுக்கொண்டது. விமானம் 1948ஆம் ஆண்டு தாயகம் திரும்பியது. ரைட் சகோதரர் உலகப் புகழ் பெற்றவர்கள். அவர்களுக்குப் பேச ஒரு தேசம் இருந்தது. அப்படியிருந்தும் இருபத்தெட்டு ஆண்டுகள் சென்றன. பால்சருக்குப் பேச யார் இருந்தார்?

இருந்தார் ஒருவர், காலம் தாழ்த்தித்தான். 1971ஆம் ஆண்டிலே, அதே ஸ்மித்சோனியன் நிலையத்தைச் சேர்ந்த ரொபேட் மேயர் என்பவர், ஒப்பந்தங்களையும் கடிதங்களையும் மீளப் பார்த்து, 1903ஆம் ஆண்டு லாங்லி எஞ்சினைப் பற்றிய ஆய்வு நூலொன்றை வெளியிட்டார். பால்சரின் பெயர் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டது அதன் பின்னர்தான். இன்று களஞ்சியத் தலைப்பிலே இரு பெயர்களுக்கும் நடுவே நாம் காணும் அந்தச் சிறு கோட்டின் விலை இவ்வளவு. கட்டுரையோ அந்தக் கோட்டின் வரலாற்றை ஒரு சொல்லாலும் சுட்டவில்லை; இரு பெயரும் ஆதிமுதல் சேர்ந்திருந்தன போலவே எழுதிச் செல்கிறது.

பால்சரின் சுழல் எஞ்சின் தோற்ற யோசனை என்று கட்டுரை தீர்த்துச் சொல்வதையும் அப்படியே விட முடியாது. அவர் கையில் அது எட்டுக் குதிரைவலுவோடு நின்றது உண்மை. ஆனால், பிரான்சிலே செகன் சகோதரர் செய்த நோம் எஞ்சின், சிலிண்டர்களே சுழலும் அதே தத்துவத்தினாலே 1909ஆம் ஆண்டு றீம்ஸ் விமானப் போட்டியில் ஹென்றி பாமனுக்கு வெற்றி தந்தது. முதலாம் உலகப் போரின் சண்டை விமானங்கள் பலவற்றை இயக்கியதும் அவ்வகையே. செகன் சகோதரர் பால்சரைப் பார்த்துச் செய்தவர்கள் அல்லர். வேறு வழியாக அங்கு வந்தவர்கள். போருக்குப் பின் சுழல் எஞ்சின் மறைய, மான்லி நிறுத்தி வைத்தது போன்ற அசையாத சிலிண்டர் வட்டம் மேலோங்கியது. 1927ஆம் ஆண்டு லின்ட்பேர்க் அத்திலாந்திக்கைக் கடந்தது ஒன்பது சிலிண்டர்கள் கொண்ட அத்தகைய எஞ்சினோடுதான். ஆக, நியூ யோர்க் தொழிற்சாலையிலே 1900ஆம் ஆண்டில் ஒன்றிலிருந்து மற்றதாக மாறிய இரு வடிவங்களும், தத்தம் காலம் வந்தபோது வானத்தை ஆண்டன.

கட்டுரையை மறுபதிப்பிலே திருத்துவாராயின் ஆசிரியர் இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்ளலாம். எஞ்சின் ஒப்பந்தம் முடியாது இழுபட்டுக்கொண்டிருந்த 1899ஆம் ஆண்டிலேயே, பால்சர் 1894இல் செய்த மோட்டார் வண்டி ஸ்மித்சோனியன் நிலையத்துக்குக் கொடுக்கப்பட்டது. அந்நிலையத்தின் சேகரிப்பிலே இடம்பெற்ற முதல் மோட்டார் வண்டி அதுவே. 1911ஆம் ஆண்டுப் பெருநூல் அச்சாகி வெளிவந்தபோது, சுழலும் மூன்று சிலிண்டர் எஞ்சினைத் தாங்கிய அவ்வண்டி பன்னிரண்டு ஆண்டுகளாக அதே நிலையத்தின் உடைமையாகவே இருந்தது.